முகத்தின் மேல் நடந்து எடுத்த அச்சு

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் புறநகர் ரயில் ஏறினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். இரண்டடிக்கு மூன்றடி பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அது வேறு தூரம். கிள்ளானுக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

பலகையில் அப்பாவின் முகம். துணியில் அச்சு எடுப்பதற்காக, நான்கு மாதமாக, வேலை விட்டு வந்த மாலைகளில் உளியால் செதுக்கியது. அலுவலகத்தில் நாள் முழுதும் பிறர் எழுதியதைத் திருத்துகிறேன். இதில் வேறொருவர் கை படக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

ஷா ஆலம் தாண்டியதும் எதிர் இருக்கைப் பெண்மணி பலகையை எட்டிப் பார்த்தார்.

"சாமி படமா?"

"இல்ல ஆன்டி, எங்கப்பா."

"இருக்காரா?"

"காப்பார்ல இருக்காரு. இன்னைக்கு கிள்ளானுக்கு மோட்டார்ல வராரு."

"அப்புறம் என்ன அவசரம், இப்பவே படம் போட்டுட்ட?"

கிள்ளான் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் தெங்கு கிளானா சாலை. பூக்கடைக்கும் புடவைக்கடைக்கும் நடுவே ஏறும் படியின் முடிவில் மரஅச்சுப் பட்டறை. நடத்துபவர் தேவி, முப்பது வயது, விளம்பர நிறுவன வேலையை விட்டவர். அரை நாளுக்கு இடமும் மையும் சேர்த்து நாற்பது ரிங்கிட். அச்சு இயந்திரம் கிடையாது.

பலகை மேல் மையை உருட்டி, துணியை விரித்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தேன். துணியைத் தூக்கியபோது கன்னம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

"இவ்ளோ பெரிய பலகைக்கு கரண்டி பத்தாது லா, அக்கா. ஏறி மிதிக்கணும். நாங்க அப்படித்தான் அடிப்போம்."

"எங்கப்பா மூஞ்சி, தேவி."

"அப்போ நான் மிதிக்கவா?"

"வேணாம்."

காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். மறுபடி மை உருட்டினேன். மீதமிருந்த ஒரே துணியை விரித்தேன். செருப்பைக் கழற்றினேன். அப்படியே நின்றேன். காற்றாடி சுற்றியது, இந்த மை பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

அப்போதுதான் அப்பா படியேறி வந்தார். வயது எழுபத்து மூன்று, கையில் ஹெல்மெட். தேவி விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா நிக்கிற? ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நான் குப்புறப் படுத்தா, முதுகுல ஏறி டான்ஸ் ஆடுனது யாரு?"

"மிதிக்கச் சொன்னது நீங்கதானே."

"இப்பவும் நான்தான் சொல்றேன். ஏறு, மை காயுது."

ஏறினேன். நெற்றியில் தொடங்கி, குதிகாலை ஊன்றி ஊன்றி நகர்ந்தேன். மூக்கருகே கால் தயங்கியது.

"அங்கதான் நல்லா அழுத்தணும்," என்றார், முதுகுவலிக் காலத்து அதே அதட்டலில்.

துணியை உரித்தேன். கறுப்பு ஒரே சீராக இறங்கியிருந்தது. அப்பா கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மச்சம் பக்கம் மாறிப் போச்சு."

அச்சில் இடவலம் மாறும் என்பதைச் செதுக்கும்போது மறந்திருக்கிறேன். அவர் தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார்.

"பரவால்ல. சவரம் பண்றப்ப நான் தினமும் பாக்குற ஆளு இவன்தான்."

பலகையைப் பட்டறையிலேயே விட்டுவந்தேன். மாலை நாலரை ரயிலில் நெரிசல். துணிச் சுருளை அணைத்தபடி கம்பியைப் பிடிக்கத் தடுமாறினேன். பக்கத்தில் நின்றவர், அதைக் கீழே வைக்கலாமே என்றார்.

"வேணாண்ணே," என்றேன். "கால் படும்."