அப்புறம் சாரின் ஆறாவது மாடி

'அப்புறம்' என்றுகூட ஒரு மனிதருக்குப் பெயர் உண்டு என்பது என் தங்கை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பின் பிறந்தவள் அவள். "மனசைப் பாக்கற சார், பெரியம்மா. ஒரு மணி நேரத்துல அவரு வாயில வர்றது ஒரே வார்த்தை, அப்புறம்னு!" அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவருக்கு அதுவே பெயர்.

அவளுக்கு லிஃப்டில் ஏறப் பயம். அதைத் தீர்க்கிறவருடைய அறை ஆறாவது மாடியில். வாராவாரம் படியேறி, மூச்சு வாங்கப் போய் சோபாவில் படுப்பாள். தலைமாட்டில், அவள் கண்ணில் படாத நாற்காலியில் அவர். பேனா மூடி டிக் டிக்கென்றால் ஆள் தூங்கவில்லை என்று அர்த்தம். அவள் அழுதால், "இன்னைக்கு நல்ல முன்னேற்றம்" என்பார். அழாவிட்டால், "எதையோ அடக்கறீங்க" என்பார்.

ஐந்து வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது பெரிய அண்ணன் தன்னை பீரோவில் வைத்துப் பூட்டியதை அவள் முதல் வாரமே சொல்லிவிட்டாள். அவருக்கு அது போதவில்லை. இரண்டு வருடம் தோண்டி, கோபம் அண்ணன்மேல் இல்லை, அம்மாமேல் என்று கண்டுபிடித்தார்.

"நான் என்னடி பண்ணேன்? அன்னைக்குப் பல்லு பிடுங்கப் போயிருந்தேனேடி!" என்று என் தங்கை அழுத அழுகைக்கு முன்னேற்றம் சொல்ல ஆளில்லை.

மூன்றாம் வருடம் அவளுடைய அலுவலகம் பதினோராவது மாடிக்கு மாறியது. மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் வேலை போய்விடும். படியேறிப் பார்த்தாள். எட்டாவது மாடியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"எப்ப சார் சரியாகும்?"

"அவசரமும் ஒரு பயம்தான். அப்புறம்?"

கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. வழக்கம்போல் அவரிடம் போகப் படியேறியவள், நாலாவது மாடி தாண்டியதும் நின்றாள். மின்சாரம் போய், லிஃப்ட் நடுவில் சிக்கியிருந்தது. உள்ளேயிருந்து, "அம்மா! அம்மா!" என்று அலறல். தலைமாட்டில் மூன்று வருடம் கேட்ட குரல். கீழே ஓடிக் காவலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, கதவோரம் படியில் உட்கார்ந்தாள்.

"ஆள் வர்றாங்க சார். அதுவரைக்கும் பேசுங்க."

"மூச்சு முட்டுதும்மா!"

"அப்புறம்?"

"கதவைத் தெறக்கச் சொல்லும்மா!"

"அப்புறம்?"

முக்கால் மணி நேரம் இப்படி. வெளியே வந்தவருடைய சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு சொம்பு தேறும். ஆனால் ஆள் முழுசாக இருந்தார். அவள் கவனித்தது அதைத்தான். "அந்தக் கத்து கத்தியும் அவருக்கு ஒண்ணும் ஆகலையே, பெரியம்மா!" மின்சாரம் வந்து, மெக்கானிக் சோதித்துப் பார்க்க லிஃப்டைக் கீழே இறக்கியபோது, அவளும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டாள். மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டு ஏறினாள்.

எல்லாம் மூன்று வருட சிகிச்சையின் பலன் என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார். அந்த முக்கால் மணியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

என் தங்கை மகள் இப்போது பதினோராவது மாடியில் வேலை பார்க்கிறாள். அப்புறம் சார் தன் பழைய கட்டடத்திலேயே, ஆறாவது மாடியை விட்டுத் தரைத் தளத்தில், ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறையில் இருக்கிறார். கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.