ஆம்பிளை இல்லாத வீடு

லோகநாயகிக்கு வாய் நீளம் என்று குப்பத்தில் சொல்வார்கள். நீளம்தான், அதில் என்ன தப்பு? புருஷன் தேசப்பன் போன பிறகு அந்த வாயும் இல்லாமல் இருந்திருந்தால், அவளும் இரண்டு பிள்ளைகளும் எப்போதோ நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். பழவேற்காடு மார்க்கெட்டில் அவள் கூடையை இறக்கி வைத்தால், ஊரையே அதட்டுகிற ஏலக்காரன்கூட அவள் பக்கம் திரும்பும்போது குரலைத் தணித்துக்கொள்வான்.

அந்த வாயை அவள் கொட்டிச் செலவழித்தது ஒரு காரியத்துக்காக. ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு தலைக்கட்டுக்குத்தான் கிடைக்கும். தலைக்கட்டு என்றால் ஆம்பிளை இருக்கிற வீடு. தேசப்பன் செத்ததும் அவள் வீடு ஊர்க் கணக்கிலிருந்து கழிந்துபோயிற்று. மகன் ராகுலுக்கு மீசை கருக்க ஆரம்பித்ததோ இல்லையோ, பொம்பளைகள் எட்டிப் பார்க்காத ஊர்க்கூட்டத்தில் போய் ஒற்றைக் காலில் நின்றாள். என் வீட்டிலும் ஆம்பிளை இருக்கிறான், எழுதுங்கள் என்றாள். இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அடுத்த கூட்டம் என்று விடாமல் வந்து நின்றாள். ஊர்த் தலைவரான நாட்டார் ராஜவேலு தொல்லை தாங்காமல் எழுதினார். ராகுல் தன் முதல் பாடு நாளில் கொண்டுவந்த இறாலை அவள் விற்கவே இல்லை. குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை பாடு பக்கத்து வீட்டு ஏழுமலைக்கு. விடிந்ததும் போனவர், இடத்தில் அக்கரைக் குப்பத்துக்காரர்கள் வலை கட்டியிருப்பதைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டதற்கு வலையை அறுத்து, படகு தள்ளுகிற கோலாலேயே மண்டையில் போட்டார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தோடு வந்து இறங்கினார். அக்கரையும் இக்கரையும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். போன ஆடிக்குக்கூட இந்த ஊர்க் கங்கையம்மனுக்கு அங்கேயிருந்து கூழ்ப்பானை வந்தது. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? செல்போனில் அந்தத் துண்டும் ரத்தமும் வீடு வீடாகச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் கோயில் மைக் கரகரத்தது. வீட்டுக்கு ஓர் ஆள், கையில் கோலோடு துறைக்கு வர வேண்டும், இது நாட்டார் உத்தரவு.

லோகநாயகி தேய்த்துக்கொண்டிருந்த குண்டானை அப்படியே கீழே வைத்தாள். அந்த மைக் இப்போது அவள் வீட்டையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறது. கேட்டு வாங்கிய தலைக்கட்டு ஆயிற்றே!

முன்னொரு தரம் அந்த மைக் இதேபோல் கத்தியபோது தேசப்பன் போனான். அவன் மேல் ஓர் அடி விழவில்லை, அவனும் யாரையும் அடிக்கவில்லை. கேஸில் பெயர் மட்டும் விழுந்தது. அப்புறம் பொன்னேரிக் கோர்ட், வாய்தா, மறுபடி வாய்தா. தொழிலைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவதும், கூப்பிடாமலே திரும்பி வருவதும் என்று வருஷங்கள் போயின. ஒரு வாய்தா நாளில் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த வாய்தாவிலும் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். இதையெல்லாம் கூட இருந்து பார்த்தவள் மகனைத் துறைக்கு அனுப்புவாளா?

ராகுல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலை எடுத்துவிட்டான். போக வேண்டாம் என்று குறுக்கே நின்றாள்.

"நீதானம்மா பேரு எழுத வெச்ச? பாடு மட்டும் ஓணும், கூப்ட்டா ஆள் இல்லியா? நாளைக்கு இந்த மூஞ்ச எங்க வெச்சிக்கறது?"

ஊர் வாயை அடைத்தவளுக்கு மகன் வாயை அடைக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. சரி, போகிறதுதான் போகிறாய், நைனா படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போ என்றாள். பிள்ளை நம்பி உள்ளே போனான். வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினாள். ஒற்றை வாசல் வீடு அது. உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் சுபஸ்ரீயையும் சேர்த்துத்தான் பூட்டினாள். செத்தவனைக் காட்டி உயிரோடு இருக்கிறவனை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு துறைக்கு நடந்தாள். பின்னால் அவன் கதவை உதைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

துறையில் படகுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ராகுல் எங்கே என்று நாட்டார் கேட்டார்.

"என் வூட்ல ஆம்பள இல்லண்ணே. தலைக்கட்டுலருந்து பேர எடுத்துடுங்க. பாடும் வேணாம்."

ஒருத்தன் சிரித்தான். நாட்டார் சிரிக்கவில்லை, எடுத்தால் எடுத்ததுதான், நன்றாக யோசித்துக்கொள் என்றார். எடுங்கள் என்றாள். அத்தனை கூட்டம் ஏறி இறங்கி வாங்கியதை அவளே ஒரு நொடியில் தூக்கிப் போட்டாள். கடைசிப் படகில் ராகுல் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆள் குறைகிறதே என்று யாரோ சொல்ல, ஏழுமலை தலையில் சுற்றிய துண்டோடு அதில் ஏறினார். அவர் மனைவி எல்லம்மா கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டார். படகு போன பிறகு எல்லம்மா திரும்பி லோகநாயகியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது லோகநாயகிக்கு.

வீட்டுக்கு வந்தாள், உட்கார முடியவில்லை. துறைக்குப் போனாள், நிற்க முடியவில்லை. ராகுல் உதைப்பதை விட்டுவிட்டான். சுபஸ்ரீ ஜன்னல் வழியாக, அண்ணன் பேசவே மாட்டேன் என்கிறான் என்றாள். பேசாவிட்டால் போகிறான், உயிரோடு இருக்கிறானே என்று பதில் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி துறைக்குப் போனாள்.

உச்சிப் பொழுதுக்குச் செய்தி வந்தது. நடு ஏரியில் கைகலப்பு, அக்கரையில் ஒருத்தனுக்குக் கை முறிந்துவிட்டது, இங்கேயும் சில பேருக்கு அடி. போலீஸ் வரும் என்று தெரிந்து, நம் ஆட்கள் ஊருக்குத் திரும்பாமல் ஏரியோடு வடக்கே ஏறி ஆந்திரா பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். தெருவில் பொம்பளைகள் மூச்சு விட்டார்கள். லோகநாயகியும் விட்டாள். என் பிள்ளை இதில் எதிலும் இல்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று அவள் நினைத்தது அந்த ஒரு மூச்சு நேரம்தான்.

எல்லம்மா ஓடி வந்தாள். "ரோட்ல வண்டி வருது. கூறு இருக்கா உனக்கு? ஊருல ஒரு ஆம்பள இல்ல, உன் புள்ளயத் தவிர. வர்றவன் வெறுங்கையோட போவானா?"

சண்டைக்குப் போனவன் எல்லாம் தப்பித்தான். போகாதவன் மாட்டிக்கொள்ளப் போகிறான். இப்படியும் ஒரு கூத்து உண்டா! இதை ஏன் அவள் யோசிக்கவில்லை? சாவியை எடுத்துக் கதவிடம் ஓடினாள். திறந்துவிட்டால் எங்கே போவான்? இருப்பது ஒரே ரோடு, அதில் போலீஸ். ஏரிப் பக்கம் ஓடினால் வெட்டவெளி. எல்லம்மா அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டிய கதவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்து பக்கத்தில் உட்கார், வாயைத் திறக்காதே என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக லோகநாயகி சொன்னபடி செய்தாள்.

போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இந்த வீடு யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இவளுதுதான் சார். தாலியறுத்தவ. ஆம்பள இல்லாத வூடு, ஊர்க் கணக்குலயே கெடையாது. யார ஓணும்னாலும் கேளுங்க," என்றாள் எல்லம்மா.

சுற்றி நின்ற பொம்பளைகள் ஆமாம் என்றார்கள். பொய் இல்லையே, காலையில் துறையில் எல்லார் காதாலும் கேட்டதுதானே? ஒரு கான்ஸ்டபிள் பூட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. எல்லம்மா அசையவில்லை. வயசுப் பெண் இருக்கிறது சார், ஆம்பிளை இல்லாத ஊரில் திறந்து போட்டா வைப்பார்கள் என்று எரிந்து விழுந்தாள். உள்ளேயிருந்து சுபஸ்ரீ, அம்மா, யாரும்மா என்று குரல் கொடுத்தாள். சமர்த்துப் பெண்! கான்ஸ்டபிள் கையை எடுத்துக்கொண்டார். வண்டிகள் திரும்பிப் பழவேற்காட்டுப் பக்கம் போயின.

லோகநாயகி எல்லம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்லம்மா கையை விடுவித்துக்கொண்டு, சாவியை அவள் மடியில் போட்டுவிட்டுத் தன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

அதற்குள் தெருவில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஆந்திரா பக்கத்திலிருந்து பேசினான். எல்லம்மா போன் மட்டும் அடிக்கவில்லை. கடைசியில் நாட்டாரே பேசினார். ஏழுமலை இவர்களோடு இல்லை. அந்தப் படகில் இருக்கிறார் என்று இவர்களும், இந்தப் படகில் இருக்கிறார் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து தேடலாம் என்றால் கரையெல்லாம் போலீஸ். எல்லம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லோகநாயகி ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருப்பாள். கேட்காதவளிடம் என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது?

அவளுக்கு மகனை அனுப்ப மனசே இல்லை. அதை மறைப்பானேன்? காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் எதற்கு? ஆனால் ஏழுமலை ஏறியது ராகுலுடைய இடத்தில். அதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள்.

ராகுல் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். நடந்தது எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் பழைய படகு ஒன்று கிடந்தது, ஓட்டைப் படகு. அவன் அதைத் தள்ளி இறக்கினான். நீ வேண்டாம் என்றான். இவள் கேட்பாளா? பிளாஸ்டிக் டப்பாவோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் கோல் போட, அவள் ஏறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள். போகும் வழியெல்லாம் பெரிப்பா, பெரிப்பா என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே போனான்.

வலை கட்ட அடித்திருந்த கழி ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி, மார்பளவு தண்ணீரில் ஏழுமலை நின்றிருந்தார். கைகலப்பில் படகிலிருந்து விழுந்தவர், எத்தனை நேரமாக நின்றாரோ. இரண்டு பேருமாகத் தூக்கிப் படகில் போட்டார்கள். வாந்தி எடுத்தார். ராகுலை யார் என்று கேட்டார். சொன்ன பிறகும் கேட்டார். லோகநாயகி எல்லம்மாவுக்குப் போன் போட்டு, உயிர் இருக்கிறது, பழவேற்காட்டுக்கு வா என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி அங்கேதான் கிடைக்கும்.

பழவேற்காட்டுத் துறை நெருங்கியபோது காக்கிச்சட்டைகள் தெரிந்தன. ராகுல் கோலை நிறுத்தினான்.

"மா, போலீஸு கீது."

இப்போதும் வழி இருந்தது. அவனை இப்படியே சேற்றில் இறக்கிவிட்டு, படகை அவளே எப்படியாவது தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். நேரம் ஆகும், ஏழுமலைக்கு அந்த நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவள் மகனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவனும் அவளைப் பார்த்தான். போடா, நேராகப் போ என்றாள்.

ராகுல் ஏழுமலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். ஊருக்கு வந்திருந்த அதே இன்ஸ்பெக்டர் எதிரே வந்தார். அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. ஊரில் ஆம்பிளையே இல்லை என்றீர்களே, இவன் எங்கேயிருந்து முளைத்தான் என்று கேட்டார்.

"என் புள்ள சார், பேரு ராகுல். எல்லாரும் ஓடினாங்க. இவன் ஓடல. எழுதிக்கோங்க," என்றாள் லோகநாயகி.

இன்ஸ்பெக்டர் ஏழுமலையின் தலையைப் பார்த்தார். எழுதுவது அப்புறம் ஆகட்டும், முதலில் ஏற்று என்று ஜீப்பைக் காட்டினார். அப்புறம் என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை. ராகுல் பெரிப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். அவளை யாரும் ஏறச் சொல்லவில்லை. அவளே ஏறி, மகனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.