உரிய வழியில் அனுப்பிய இரண்டு பாட்டு

அரசு ஊழியர் நடத்தை விதி தெளிவாகத்தான் சொல்கிறது: முற்றிலும் கலை சார்ந்த ஒலிபரப்பிலோ ஒலிப்பதிவிலோ கலந்துகொள்ள முன் அனுமதி தேவையில்லை. பிற்காலத்தில் முப்பது வருடம் இந்த மாதிரி விதிகளைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பதினைந்து வயது, படித்த அறையில் இரும்புத் துருவும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை அடித்தது. திருவல்லிக்கேணிக் கடல்காற்றில் துருப்பிடிக்கும் கிதார் கம்பிகளை என் அண்ணன் சேகர் தினமும் எண்ணெய் தொட்டுத் துடைப்பான்.

அறுபதுகளின் நடுவில் அவன் பகலில் அரசாங்க எழுத்தர். சனிக்கிழமை மாலையில் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில், மூன்று ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு சேர்ந்து "பீட் க்ரூப்" என்ற கிதார்ப் பாட்டுக் குழு. நண்பர்கள் ரேடியோவில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளை அப்படியே பாட, இவன் மட்டும் சொந்தமாக எழுதினான், அதுவும் தமிழில்: பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒன்று, ரேஷன் வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணின் பின்னலைப் பற்றி ஒன்று. அம்மா அதற்கு வைத்த பெயர் "டொய்ங் டொய்ங்". ஆனால் ரேஷன் பாட்டை அடுப்படியில் அவள் முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் ஓட்டலில் அண்ணனின் இரண்டு பாட்டையும் கேட்டுவிட்டு, தட்டின் பக்கத்துக்கு ஒன்றாகப் போடலாம், அடுத்த மாதம் முதல் வாரம் வந்து பாடுங்கள் என்றார். மறுநாள் அண்ணன் இரண்டு தடவை குளித்தான்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான அப்பாவின் வாழ்த்து ஒரே கேள்விதான். "பர்மிஷன் வாங்கினியா?"

நான் விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "வேண்டாம்னு யார் சொல்லணும்? நீயா? வேண்டாங்கறதுக்கும் ஒரு ஆர்டர் வேணும்டா. நாளைக்கு மெமோ வந்தா இவன் கிதாரா பதில் எழுதும்?"

அண்ணனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் மனு போடச் சம்மதித்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனுவை நான் எழுதினேன். மேலே "உரிய வழியில்" என்று அடிக்கோடிட்டு, அனுமதி தேவையா எனத் தெரிவிக்குமாறும், தேவையெனில் வழங்குமாறும் கேட்டேன். ஒரே மனுவில் இரண்டு கோரிக்கை இருந்தால் தாள் ஆபீஸின் இரண்டு பிரிவுகளுக்கு இடையே மாறி மாறிச் சுற்றும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதில் வராததால் கம்பெனிக்காரர் மூன்று முறை தேதி மாற்றித் தந்துவிட்டு, நான்காவது முறை வேறொரு பையனைக் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த வருடம் அண்ணனின் வேலை நிரந்தரமாயிற்று. அப்பா மைசூர்பாகு வாங்கி வந்தார். கிதாரை அண்ணன் யாருக்குக் கொடுத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது இருவரும் ஜெர்சி சிட்டியில் ஒரே கட்டிடத்தில் இருக்கிறோம், அவன் மகள் வீட்டில், நான் ஒரு மாடி கீழே மகன் வீட்டில். அந்த ஓட்டல் இல்லை. நண்பர்கள் ஆஸ்திரேலியா போனார்கள். பாட்டுகளை யாரும் எழுதிவைக்கவில்லை. ரேஷன் பாட்டில் எனக்கு முதல் வரி பாதிதான் வருகிறது. மீதியைக் கேட்டேன். ஃபிரிட்ஜில் பால் இல்லை என்பது போல, "எனக்கும் ஞாபகம் இல்லடா" என்றான்.

போன வாரம் அவன் மகள் ஒரு கவரோடு வந்தாள். "அப்பா, உங்க ஓல்ட் ஆபீஸ்லேர்ந்து லெட்டர். பென்ஷன ஹோல்ட் பண்ணிட்டாங்களா? சித்தப்பா, நீங்க கொஞ்சம் செக் பண்ணுங்க."

பென்ஷன் விஷயம் இல்லை. நிலுவைக் கோப்புகளை ஒழிக்கும் சிறப்பு முகாமில் எங்கள் மனு அகப்பட்டிருக்கிறது. மனுதாரர் பணி ஓய்வு பெற்றுவிட்டபடியால் மேல் நடவடிக்கை ஏதுமில்லை என்று முடித்து வைத்திருந்தார்கள். உரக்கப் படித்தேன்.

"யாரு சைன் பண்ணியிருக்கா?" என்றான் அண்ணன்.

"அண்டர் செக்ரட்டரிக்காக ஒரு செக்ஷன் ஆபீசர்."

"'ஃபார்' போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான்."

"அப்ப சரி."

கடிதத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, வந்த தாளுக்கெல்லாம் முப்பத்தைந்து வருடம் செய்த மாதிரியே வலது மூலையில் பெறப்பட்ட தேதியைப் போட்டான்: 13-3-2012.