ஓடை சுத்தமாகும் வரைக்கும்

தேயிலைத் தொழிற்சாலை வாசலில் அரசாங்க ஜீப்பிலிருந்து நான் இறங்கியதும், தொழிற்சாலையை நடத்தும் துரை என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அதிகாரி இன்னும் வண்டிக்குள்ளேயே இருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உள்ளே ஓட்டுநரைத் தவிர யாரும் இல்லை. "நான்தான் அதிகாரி" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அந்த மனிதரின் தொழிற்சாலையைக் கேள்வி கேட்க அரசாங்கம் என்னை அனுப்பியிருக்கிறது! அதை நினைத்து நினைத்து மலைப்பாதை முழுக்க ஜீப்பில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆற்றில் எண்ணெயை விட்டால் அரசாங்கம் வந்து கேட்கும் என்பதே மலேசியாவின் கேமரன் மலையில் பலருக்குப் புதுச் செய்தி. தானா ராத்தாவில் எனக்கு ஓர் அறை, ஒரு மேசை, ஒரு டெலிபோன். என் தலைவர் தூரத்தில், குவாந்தானில் இருந்தார். ஒருநாள் காலை, ரிங்லெட் பக்கம் காய்கறி பயிரிடும் ஒருவர் ஒரு முட்டைக்கோஸைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மோந்து பாருங்க, மிஸ்."

மோந்து பார்த்தேன். லோரி எண்ணெய் வாசனை அடித்தது.

அவர் தண்ணீர் இறைக்கும் ஓடை பெர்த்தாம் ஆற்றில் சேர்ந்து, பிறகு அணைக்கட்டு ஏரிக்குப் போவது. ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தால் தேயிலைத் தொழிற்சாலை. இலை காயவைக்கும் அடுப்புக்கு டேங்கியிலிருந்து எண்ணெய் போகும் பைப்பு வெடித்து, எண்ணெய் சாக்கடை வழியாக ஓடைக்குள் இறங்கியிருந்தது. எங்கள் சுற்றுச்சூழல் இலாகா ஆணை போட்டது: தொழிற்சாலை தன் செலவில் ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும், நான் வாராவாரம் போய்ப் பார்த்து, சுத்தம் என்று சொல்லும்வரை வேலை நிற்கக் கூடாது.

துரை என்னை ஃபோர்மேனிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஃபோர்மேன் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர், தைப்பிங்கில் படித்துவிட்டு வந்த தமிழர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நெற்றியில் கிரீஸ் பூசியிருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்ற யோசனையில் ஆணையில் உள்ளதைத் தப்பும் தவறுமாகப் படித்துக் காட்டினேன்.

வேலை நன்றாகவே நடந்தது. காய்ந்த லாலாங் புல்லைச் சாக்கில் திணித்து, மூங்கிலில் கட்டி, ஓடைக்குக் குறுக்கே மிதக்கவிட்டார்கள். எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும்; சாக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் ஊறிய மண்ணை வெட்டி லோரியில் ஏற்றினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் அந்த வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஓர் அக்காவின் வாய்க்கு மொத்தத் தோட்டமும் பயப்படும்.

ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் வந்தது. ஜாடியில் பிடித்து முகர்ந்தால் வாசனையும் இருந்தது.

"பைப்பு மாத்தியாச்சு, டேங்கி மாத்தியாச்சு, மண்ணும் வெட்டியாச்சு. இன்னும் என்னாதான் வேணும் மிஸ்?" என்றார் ஃபோர்மேன்.

"கலர் தெரியுதே."

"அழகாத்தானே இருக்கு?"

"அழகா இருந்தா ஃபெயில்" என்றேன்.

மறுவாரமும் ஃபெயில். அதற்கடுத்த வாரமும். ஜீப் வளைவில் திரும்பும்போதே கொழுந்துக் கூடைகளுக்கு நடுவில் ஒரு கொல்லென்ற சிரிப்பு எழும்ப ஆரம்பித்தது. கடைசியில் அந்த அக்கா என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"மிஸ்ஸு, ஓடையப் பாக்க வரீங்களா, ஓடைக்காரரப் பாக்க வரீங்களா? உண்மையச் சொல்லிருங்க லா."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஃபோர்மேன் திடீரென்று ஒரு சாக்கை ரொம்ப அக்கறையாகக் கட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே கட்டியிருந்த சாக்கு அது.

அன்றைக்கு நான் பிடிவாதமாக ஒன்று செய்தேன். ஓடையில் வந்து சேரும் ஒவ்வொரு சின்ன வாய்க்காலிலும் தனித்தனி ஜாடியில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். டேங்கிப் பக்கத்து வாய்க்காலில் வந்தது சுத்தமான தண்ணீர். பழைய லோரி வொர்க்‌ஷாப் பக்கத்து வாய்க்காலில்தான் வானவில். ஃபோர்மேன் ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வொர்க்‌ஷாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த முறை நான் போனபோது அவர் பாலத்தடியிலேயே எனக்காகக் காத்திருந்தார்.

"வொர்க்‌ஷாப் தரைக்கு அடியில ஒரு குழி இருக்கு மிஸ். நான் இங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, லோரியில எறக்குன அழுக்கு எண்ணெயெல்லாம் அதுலதான் ஊத்துவாங்களாம். நெறஞ்சதும் மேல சிமெண்டு போட்டுட்டாங்க. துரைகிட்ட சொன்னேன். ஆணையில டேங்கி பைப்புதானே இருக்கு, கிண்டாதேன்னுட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? உங்க வேலை போயிரும்."

"போனா போவுது. வாராவாரம் உங்ககிட்ட ஃபெயிலாவுறது அதவிடக் கேவலமா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பாலத்தின் மேலே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

நேராகத் துரையின் அறைக்குப் போனேன். குழியைப் பற்றி யார் சொன்னார்கள் என்று துரை கேட்டார். "தண்ணி சொல்லிச்சு" என்று ஜாடியை அவர் முன்னால் வைத்தேன். ஆணையில் டேங்கிதான் இருக்கிறது என்றார். எடுத்துப் படித்துக் காட்டினேன். ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது. எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் ஓடை ஓடைதானே. துரை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்து, தரையை உடைக்கச் சொன்னார்.

உடைத்தார்கள். உள்ளே வெல்லப்பாகு மாதிரி கறுப்புச் சேறு. டிரம் டிரம்மாக அள்ளி வெளியேற்றினார்கள். மேற்பார்வை என்றால் கரையில் நிற்க வேண்டும்; நான் ஆர்வத்தில் குழிப் பக்கம் போய் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டேன். அக்கா ஒரு கையையும் ஓட்டுநர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஃபோர்மேன் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவி, அதை வெளியே எடுத்தார். மேலிருந்து கீழ்வரை கறுப்பு. பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. அந்தக் கோலத்தில் எழுந்து வந்து, கோயிலில் தாம்பூலம் கொடுப்பதைப் போல இரண்டு கையாலும் பூட்ஸை நீட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இனிமேல் இந்த ஆளுக்கு நான் நியாயமாக ஃபெயில் போட முடியாது. பாஸும் போட முடியாது.

மறுநாள் குவாந்தானுக்கு டெலிபோன் செய்து, கடைசிச் சோதனைக்கு அவரே வர வேண்டும் என்று தலைவரிடம் கேட்டேன். தலைவர் மலாய்க்காரர், நிதானமானவர். காரணம் கேட்டார்.

"அங்கே ஒருவர் விஷயத்தில் நான் நடுநிலையாக இல்லை, துவான்."

"யார்? துரையா?" என்றார்.

"ஐயோ, இல்லை!"

நான் கத்தியதில் பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

தலைவர் வந்தார். இரசாயனக் கூடத்திலிருந்து சுத்தம் என்று முடிவு வந்துவிட்டது. அவர் கண்ணால் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. காற்சட்டையை முட்டிக்கு மேல் மடித்துவிட்டு ஓடையில் இறங்கினார். நான் கீழே போகவில்லை. மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அக்காவோடு நின்றுகொண்டேன். தலைவர் அடிமண்ணைக் காலால் கிளறினார். குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கிளறினார். ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"பெர்சே!" என்று கத்தினார். சுத்தம்!

பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் திடுக்கிட்டு ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற ஃபோர்மேனின் முதுகில் தட்டி, ஓடை இரைச்சலை மீறிக் கேட்டார், எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"அந்தப் பெண் ஏன் கீழே வரவில்லை என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, துவான்."

"உன்னால்தான்! உன் விஷயத்தில் நடுநிலையாக இருக்க முடியவில்லையாம்!"

நான் இன்னும் ஃபோர்மேனிடமே சொல்லியிருக்கவில்லை. தலைவரைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மலை மேட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஓட முடியாது. கிளைகள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். "எங்க ஓடுறீங்க மிஸ்ஸு? மேல போனா வழி கெடையாது லா!" என்று அக்கா பின்னாலிருந்து கூவினார். உண்மைதான், வழி இல்லை. திரும்பி நின்றேன். ஃபோர்மேன் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் ஈரம்.

"இனிமே வரமாட்டீங்களா?" என்று கேட்டார்.

"வேலையா வரமாட்டேன்."

"அப்பறம்?"

"சும்மா வருவேன்."

அவர் வலது கையை ஈரச் சட்டையில் துடைத்தார், அது இன்னும் ஈரமானது.

"சும்மாவே வாங்க" என்றார். "எனக்கும் இங்க ஃபெயிலாவுறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

கீழே மறுபடியும் குலவை கேட்டது. இந்த முறை எங்களுக்கு. தலைவரும் ஈரக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த தை மாதம் தானா ராத்தா கோயிலில் கல்யாணம். துரை குடும்பத்தோடு வந்து, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.