ஜவுளிக்கடையில் பிறந்த என் மகள்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தேனி கடைவீதியில் நடந்தது இது. என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எத்தனை வருடம் ஆயிற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வருசநாட்டுப் பக்கம். நிறைமாதமாக இருந்த நான், மாமியாரோடு பரிசோதனைக்காகத் தேனிக்கு வந்திருந்தேன். இன்னும் நாள் இருக்கிறது என்றார் டாக்டர். சரி, பிள்ளைக்கு மெத்தென்று நாலு துணி எடுக்கலாம் என்று வழக்கமாகப் போகும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தோம். தரையில் வெள்ளை மெத்தை விரித்து, உட்காரவைத்துத் துணி காட்டுகிற கடை. அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இடுப்பில் சுருக்கென்றது. பனிக்குடம் உடைந்துவிட்டது. வலியைவிட, அவர்கள் மெத்தை நனைந்துவிட்டதே என்ற கூச்சம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அதற்குள் கடையில் யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டார்கள். சேலை காட்டிக்கொண்டிருந்த அக்கா என் தோளைப் பிடித்து, "எங்கனயும் போகாத தாயி, பேசாம படு. ஆம்புலன்ஸ்காரக வந்துக்கிட்டு இருக்காக" என்றார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் கடைவீதிக்குள் நுழையவே முடியவில்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். தீபாவளி வியாபாரம் அவர்களுக்கு எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அவரோ கைகூப்பி, "புள்ளத்தாச்சி வலியில கெடக்கு. எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்கய்யா, யாவாரம் நாளைக்குப் பாத்துக்கிரலாம்" என்று அனுப்பிவிட்டு, ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வாசலில் காவலுக்கு நின்றுகொண்டார்.

மாமியார் என் தலையை மடியில் தாங்கிக்கொள்ள, கடைப் பெண்கள் புதுச் சேலைகளைப் பிரித்து என்னைச் சுற்றி மறைத்துப் பிடித்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் போனில் சொல்லச் சொல்ல, "பயப்படாத, நா இருக்கேன்ல" என்றபடியே எல்லாவற்றையும் செய்தார் அந்த அக்கா. ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் மகள் அவர் கைக்கு வந்துவிட்டாள். ஆனால் அழவில்லை. அக்கா துண்டால் முதுகைத் தேய்த்ததும் வீறிட்டாள். வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது.

இப்போது தேனியில் மாடி மாடியாகப் பெரிய ஜவுளிக்கடைகள் வந்துவிட்டன. அந்த அக்காவும் அவற்றில் ஒன்றில்தான் வேலை பார்க்கிறார். "அங்கன சம்பளம் கூட, சந்தோசமாப் போ" என்று முதலாளியே அனுப்பிவைத்தாராம்.

இந்த வருடம் பழைய கடைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. குத்துவிளக்கேற்றப் பெரிய மனிதர் யாராவது வருவார் என்று நினைத்தோம். முதலாளி எங்கள் வீடு தேடி வந்து என் மகளை அழைத்தார். அவளுக்கு ஒரே வெட்கம். "பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாகம்மா" என்று முரண்டு பிடித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அக்கா தன் கடைச் சீருடையோடு ஓடிவந்து கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றார். முதலாளி பார்த்துவிட்டார். "ஏத்தா, அங்கன என்ன நிக்கிற? நீ கையில வாங்குன புள்ளதான் வெளக்கேத்தப் போகுது. முன்னாடி வா!"

என் மகள் திரும்பி அக்காவையே பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே மேடையை விட்டு இறங்கிப் போய், அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இருவரும் சேர்ந்து விளக்கேற்றினார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவைச் சிறுவயதிலேயே இழந்த எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று வருந்தியதுண்டு. அந்தக் கடைப்படி ஏறும்போதெல்லாம், இருந்தது என்றே இப்போது தோன்றுகிறது.