பொட்டு வைத்த கண்ணாடி

வர்ஷினியைப் போல ஒரு பிடிவாதக்காரியை எங்கள் ஆய்வகம் பார்த்ததில்லை. கிணத்துக்கடவில் தோப்பு வைத்திருப்பவரின் மகள். புற ஊதா லேசரால் ஒரு மூலக்கூறை அடித்து உடைப்பதும், உடனே இன்னொரு லேசரை அடித்து அது எப்படி உடைகிறது என்று பார்ப்பதும் அவள் வேலை. இரண்டு அடிக்கும் நடுவே இருக்கும் நேரம், கண்ணிமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாய்க் கூறுபோட்டதில் ஒரு கூறு.

உடைந்த அணு ஓடியே போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவள் வரைபடத்திலோ கடைசியில் ஒரு சின்ன மேடு. அணு போகவில்லை, பக்கத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்பி வந்து ஒட்டுகிறது என்றாள்.

பேராசிரியர் குமாரசாமி நம்பவில்லை. சுவருக்கு அந்தப்புறம் லேத் பட்டறை. அது அதிர்வதால் வரும் மேடு, அடுத்த மாதம் கொடுக்கப்போகும் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் வேண்டாம், எடுத்துவிடு என்றார். அவள் வருடக்கணக்காகப் பாடுபட்டது அதற்குத்தான்.

அந்தப் பட்டறை ராப்பகலாக ஓடும், ஞாயிறுகூட நிற்காது. நிற்பது ஆயுத பூஜைக்கு மட்டும். அன்றைக்கு லேசரைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் முதல்நாள் மாலையே லேசருக்கும் பூஜை ஆகியிருந்தது. பூஜை போட்ட மெஷினை விஜயதசமிக்கு முன்னால் தொடலாமா என்று பேராசிரியர் போனில் இழுத்தார்.

“சாமி கோவிச்சா நான் பேசிக்கறேனுங்க சார். இன்னைக்கு உட்டா அடுத்த வருசந்தானுங்க” என்றாள்.

லேசரைப் போட்டோம். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது, வெள்ளை அட்டையை நீட்டினால் நீலமாக மின்னும். அட்டை மின்னவே இல்லை. கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், ஒன்றின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. துடைத்தால் கீறல் விழும் என்று வேறு கண்ணாடியை மாட்டி, இரண்டு கதிரும் ஒரே புள்ளியில் சேரும்வரை திருகிக்கொண்டே இருந்தாள். தூக்குப்போசியில் சோறு ஆறிப்போனது. சாப்பிடு என்றதற்கு என்னை முறைத்தாள்.

சாயங்காலம் திரையில் கோடு ஏறி, இறங்கி, தரையோடு போனது. அப்புறம் அதே பழைய இடத்தில் மேடு எழுந்தது.

மனசு கேட்காமல் பேராசிரியரும் வந்துவிட்டார். பட்டறை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். மேடு அங்கேயே இருந்தது. புற ஊதாவை மறைத்து ஓட்டச் சொன்னார். மேடு காணாமல் போனது; மூலக்கூறு உடைந்தால்தான் மேடு. அவர், வர்ஷினி கழற்றி வைத்திருந்த பொட்டுக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

“இதுல பொட்டு வெச்சது நாந்தானுங்க அம்மணி” என்றார். “எடுக்கச் சொன்னனே, அந்தச் சாப்டர், அதைத் திரும்பச் சேத்துப்போடுங்க.”

“நான் எடுக்கவே இல்லீங்க சார்” என்றாள் வர்ஷினி.