பரிசலில் சொல்லாத சேதி

ஒகேனக்கல் பாறையோரம் ஆற்றுக்குள் ஒரு கல் நட்டிருந்தார்கள். அதில் கறுப்பும் வெள்ளையுமாக அடிக்கணக்கு எழுதியிருக்கும். காலையும் மாலையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதி அனுப்ப ஓர் ஆள் உண்டு. மழையோ வெயிலோ, மாதம் தவறாத சம்பளம். அந்தக் கல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர்க்காலம் அது. பென்னாகரத்தில், அந்தக் கணக்கு போய்ச் சேரும் ஆபீஸில் நான் குமாஸ்தா. ஒரு நாள் காலையில் எங்கள் ஓவர்சியர், "கல்லு பாக்கற வேலை காலியாகுதுப்பா. நோட்டீஸ் ஒட்டுனா ஊரே வந்து நிக்கும். நம்ம ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லு" என்றார்.

அன்று மத்தியானமே ஆபீஸ் வேலையாகப் பரிசலில் அக்கரை போனேன். பரிசல்காரர் என் வயதுக்காரர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வெள்ளம் வருமா என்று சொல்லிவிடுவார். எண்கள் படிக்கத் தெரியும். வெள்ளக் காலத்தில் பரிசல் ஓடாது. அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. எல்லாம் எனக்குத் தெரியும். அவரோடு மழையைப் பற்றிப் பேசினேன், ராகி விலையைப் பற்றிப் பேசினேன், வேலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. மறைக்கவில்லை ஐயா, சொல்லத் தோன்றவே இல்லை! அதுதான் பெரிய அயோக்கியத்தனம். வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கடத்தூரில் இருந்த என் மைத்துனனுக்குக் கடுதாசி போட்டேன்.

வந்தான். ஓவர்சியர் அவனிடம் கேட்டது இரண்டே கேள்வி: எந்த ஊரு, யாரு வூடு? ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கோ தண்ணீர் என்றாலே உதறல். தினமும் பரிசல்காரர்தான் போய்ப் பார்த்துவந்து சொல்வார், இவன் கரையில் உட்கார்ந்து எழுதுவான். கூலி ஒரு பீடி.

ஒரு நாள் பரிசல்காரர் என்னிடம், "வேலை காலின்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க சாமி. அன்னிக்கு நீங்க நம்ம பரிசல்லதானுங்களே வந்தீங்க?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

இரண்டு வருஷத்தில் மைத்துனன் ஆபீஸ் பியூனாகிவிட்டான்; கல் பார்க்கும் வேலை மறுபடி காலி. இந்த முறை விடக்கூடாதென்று பரிசல்காரரைப் பற்றி ஓவர்சியரிடம் சொன்னேன். "நல்ல ஆளுதான், யாரு இல்லேங்கறா? ஆனா அவன் வூடு வாசல் நமக்குத் தெரியாதேப்பா" என்றார். தெரியாதாம்! வருஷக்கணக்காக அந்த மனுஷன் கையில் உயிரை ஒப்படைத்து ஆற்றைக் கடந்தவர் சொல்கிறார்! காரிமங்கலத்திலிருந்து ஓவர்சியருடைய சகலை மகன் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தான்.

என் பேரனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் இப்படித்தான். உள்ளே இருந்த சிநேகிதன் 'ரெஃபர்' செய்தானாம். அதே காலேஜ், அதே ஹாஸ்டல், அடுத்தடுத்த ஊர். பெருமையாகச் சொல்கிறான். ஓவர்சியர் செய்ததற்கு இப்போது ஒரு நாகரிகமான பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சகலை மகனை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனவனும் நானேதான். பரிசல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீச்சல் தெரியுங்களா?" என்று கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவருக்கும் நான்தான் பாத்துச் சொல்லணுங்களா, சாமி?"

ஆமாம் என்றேன்.